பச்சை ஓலைக்கு முதல் பரிசு

கன்னியம்மாவின் மகள் உட்கார்ந்திருந்த குடிசைக்குச் சென்னையில் முதல் பரிசு கிடைத்த சங்கதி, கன்னியம்மாவுக்குத்தான் கடைசியாகத் தெரிய வந்தது. அதற்குள் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அதைப் பார்த்தாகிவிட்டது. சிலர் உள்ளே புகுந்து உட்கார்ந்தும் பார்த்தாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஆலைகள் வரத் தொடங்கியிருந்தன. எளாவூருக்குப் போகும் கல்கத்தா ரோட்டோரத்தில், நேற்றுவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள், சங்கு ஊதினால் வேலைக்குப் போய், சங்கு ஊதினால் வீட்டுக்கு வரப் பழகிக்கொண்டிருந்தன. கன்னியம்மாவின் புருஷன் அருணாச்சலம் இரும்புக் கம்பி இழுக்கும் ஆலையில் சேர்ந்திருந்தான். அவளுடைய ஒரே தம்பி முனுசாமி மட்டும் ஆலைப் பக்கம் போகவில்லை. அவனுக்குப் படம் வரையக் கை நன்றாக வந்தது. சென்னைக்குப் போய் அதையே படித்தான். படித்து முடித்து ஆர்ட்டிஸ்ட் ஆனான். ஆர்ட்டிஸ்ட் ஆனதும் ஊருக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். பொங்கலுக்கு வரவில்லை. அக்கா மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தபோதும் வரவில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது, "அவனுக்கு இன்னா வேலையோ பாவம்" என்று அவனுக்காக வாதாடியவள் கன்னியம்மா ஒருத்திதான்.

மகள் பூங்காவனம் பெரியமனுஷி ஆனபோது கன்னியம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, தாய்மாமன் தன் கையால் பச்சைத் தென்னை ஓலை முடைந்து வீட்டோரம் ஒரு குடிசை கட்ட வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை பெண் அதற்குள்தான் இருப்பாள். வாசலில் குறுக்கே உலக்கை கிடக்கும். ஆம்பிளைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சடங்கு முடிந்ததும் மாமனே ஓலையைப் பிரித்து நெருப்பில் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் விட வேண்டும். பிறத்தியார் கண்ணில் படும்படி அது கிடக்கக் கூடாது. அது இல்லாமல் போனால்தான் சடங்கு முடிந்ததாக அர்த்தம். மாமன் வராத பெண்ணென்றால் நாளைக்குக் கல்யாணப் பேச்சிலும் அது வந்து நிற்கும்.

எளாவூர் லாரி டிரைவர் ஆதிகேசவன் மூலம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். வருவான் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. முனுசாமி மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்.

வந்தவன் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் ஓலை வெட்டப் போனான். ஒவ்வொரு மட்டையாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பாதியை வேண்டாமென்று தள்ளினான். சாயங்காலத்துக்குள் அவன் கட்டி முடித்த குடிசை மாதிரி அந்தத் தெருவில் எவனும் கட்டியதில்லை. வேரோடு பிடுங்கித் தூக்கினாலும் கலையாத கட்டு. கன்னியம்மா புதுப்பாய் எடுத்து வந்தாள். அவன் வேண்டாம் என்றான்.

"கிழிஞ்ச பாய் ஒண்ணு குடுக்கா. அதான் நல்லா இருக்கும்."

"பொண்ணு படுக்கறதுக்குடா."

"தெரியும்க்கா. ஓரம் நைஞ்சிபோனதா பாத்துக் குடு."

பட்டணம் போயும் தம்பிக்குப் பகட்டு வரவில்லையே என்று கன்னியம்மா பூரித்துப் போனாள். சடங்கு அன்று அவன் வேட்டி கட்டி, மாலை போட்டு, அக்கா மகளுக்குத் தன் கையால் சந்தனம் பூசினான். எதிர்வீட்டு லட்சுமியம்மாள், இத்தனை நாள் அவனைப்பற்றி அதிகம் பேசியவள், "மாமன்னா இவன்தாண்டி மாமன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஓலையைப் பிரிக்கிற நேரம் வந்தபோது முனுசாமி இன்னும் ஒரு படி மேலே போனான்.

"அக்கா, என் கையால கட்டினத எரிக்க மனசு வரல. ஏரியில உட்டா மாடு மிதிக்கும். முழுசா தூக்கிக்கினு போயி சமுத்திரத்துல உட்டுடறேன். ஆதிகேசவன் லாரி மெட்ராசுக்கு காலியாதானே போவுது."

எந்த ஊரில் எந்த மாமன் அக்கா மகளின் பச்சை ஓலையைச் சமுத்திரத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறான்? பாயோடு, உலக்கையோடு, தண்ணீர்ச் சொம்போடு குடிசை லாரியில் ஏறியது. கன்னியம்மா லாரிக்குச் சூடம் காட்டி, கண்ணீரும் சிரிப்புமாக வழியனுப்பினாள். எத்தனையோ வருஷமாகத் தம்பி வைத்திருந்த பாக்கி மொத்தமும் அன்றைக்கு அவள் மனசில் தீர்ந்துபோயிற்று.

ஒரு மாசம் கழித்து ஆதிகேசவன் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். கன்னியம்மா கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, உந்தம்பி அந்த ஓலைய கடல்ல உட்டானா?"

"உட்டிருப்பான். நீதானண்ணா ஏத்திக்கினு போனே."

"நான் நுங்கம்பாக்கத்துல ஒரு பங்களாவாண்ட எறக்கினேன். சாயங்காலமா கடலுக்கு எடுத்துக்கினு போறேன்னான். சரின்னு வந்துட்டேன். நேத்து அந்தப் பக்கம் லோடு எறக்கப் போனா, வாசல்ல காரா நிக்குது. எட்டிப் பாத்தேன். குடிசை உள்ளாற கீது தங்கச்சி. சுத்தி லைட்டு போட்டு வச்சிருக்கான். கோட்டு போட்டவன்லாம் குனிஞ்சி உள்ள பூந்து பூந்து வரான். ஃபர்ஸ்ட் பிரைஸ்னு ரிப்பன் கட்டிக்கிறாங்கோ."

கதவுக்குப் பின்னால் நின்று பூங்காவனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. தெருக்குழாய்க்குப் போகவில்லை. வாசல்படியைத் தாண்டவே இல்லை.

"நான் படுத்த பாய கூட போட்டு வச்சிருக்காங்களாமா?" என்று நாலாம் நாள் அம்மாவைக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்காதுடி."

"எல்லாரும் பாத்துட்டாங்க. நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு வெளிய போறது? அது இல்லாம போவட்டும். அப்பால வரேன்."

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது கடலுக்குப் போயிடும். போதுமா?" என்றாள் கன்னியம்மா. சத்தியமும் செய்து கொடுத்தாள்.

அப்போதும் அவள் தம்பிமேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. பட்டணத்துக்காரர்கள் அவனிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஓலையைக் கடலில் விடும் முடிப்புச் சடங்குக்கு மாமனை அழைக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதென்று வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டாள். அருணாச்சலம் ஆலைக்கு லீவு சொன்னான். இருவரும் காலைப் பாசஞ்சரில் ஏறினார்கள்.

அந்தப் பங்களாவில் தற்காலக் கலை மேம்பாட்டுப் பேரவை இருந்தது. மக்களிடம் கலையைக் கொண்டுசெல்வதற்காக ஏற்பட்டது அது. மக்கள் எளிதில் உள்ளே வந்துவிடக் கூடாதென்று உயரமான மதில் கட்டியிருந்தார்கள். கேட்டில் 'அனைவரும் வருக' என்று பெரிய போர்டு. போர்டுக்குக் கீழே நின்ற காவலாளி இவர்களைப் பார்த்ததும், வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்றான்.

"வேலைக்கு வரல நைனா. நாங்க குடிசையோட ஆளுங்க" என்றான் அருணாச்சலம்.

"குடிசை பார்ட்டியா? முன்னாடியே சொல்றதுதானே. இன்னிக்கு அதுக்குத்தான் விழா. போங்க, போங்க."

கோயிலுக்குள் போகிற மாதிரி இருவரும் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டார்கள். செருப்போடு நடமாடிக்கொண்டிருந்த சீமாட்டிகள் இவர்கள் காலைப் பார்த்து, இதுவும் விழாவின் ஓர் அம்சமாக இருக்குமோ என்று தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

உள்ளே யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. பார்ப்பதற்கென்று அங்கே ஒரு முறை இருந்தது. முதலில் எட்ட நிற்க வேண்டும். பிறகு கிட்டப் போக வேண்டும். திரும்பவும் பின்னால் வந்து, கண்ணைச் சுருக்கி, மோவாயைத் தடவ வேண்டும். கடைசியாகப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் ஆட்டிவிட்டால் அந்தப் படம் பார்த்து முடிந்ததாகக் கணக்கு. ஆட்டாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த சாக்கு ஒன்றுக்கு முன்னால் ஒரு தம்பதி வெகுநேரமாக அப்படித் தொடங்கித் தொடங்கி நின்றுகொண்டிருந்தார்கள்.

அருணாச்சலம் ஒரு மேடைக்கு முன்னால் திடுக்கிட்டு நின்றான். வளைந்தும் முறுக்கிக்கொண்டும் கிடந்த துருப்பிடித்த கம்பிகளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வைத்திருந்தார்கள்.

"கன்னிம்மா, இது எங்க ஆலையில கழிச்சிப் போடற கம்பி. இதுல ஒரு துண்டு எடுத்துக்கினு நான் வெளிய வந்தா கேட்டாண்ட புடிச்சி போலீசுல குடுப்பான்" என்று காதோரம் சொன்னான். தன்னை யாராவது சந்தேகப்படுவார்களோ என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வழிகாட்டுவதற்காக நின்ற ஒரு பெண்மணி அவர்களிடம் வந்து, எதையாவது பார்த்ததும் புரிந்துவிட்டால் உடனே தன்னிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அப்படிப்பட்ட படைப்புகளைப் பேரவை திருப்பி அனுப்பிவிடுமாம்.

பெரிய கூடத்தின் நடுவே குடிசை நின்றது. அதே கட்டு, அதே கூரை, வாசலில் அதே உலக்கை. உள்ளே ஓரம் நைந்த பாய். சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, உச்சியில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மாசத்தில் ஓலை காய்ந்து பழுப்பேறியிருக்க வேண்டும். ஆனால் முக்கால்வாசி குடிசை பளபளவென்று பச்சையாக இருந்தது. மீதிக் கால்வாசிக்கு முனுசாமி ஸ்டூல்மேல் நின்று, கையில் பெயிண்ட் டப்பாவோடு, பச்சை அடித்துக்கொண்டிருந்தான்.

கட்டிப்போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்து வந்த தம்பி, ஜிப்பாவும் தாடியுமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு ஓலை ஓலையாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான்.

"முனுசாமி."

அவன் திரும்பினான். முதலில் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்புறம்தான் கீழே இறங்கினான்.

"நீ எங்கக்கா இங்க?"

"உன்ன அழைக்க வந்தேன். வா, இத எடுத்துக்கினு போயி கடல்ல உட்டுட்டு வந்துடலாம்." அவள் வெற்றிலை பாக்கை நீட்டினாள்.

"கையெல்லாம் பெயிண்ட்டுக்கா. கீழ வையி."

மாமன் கையில் வாங்க வேண்டியதை அவள் தரையில் வைத்தாள். அந்தப் பக்கமாக வந்த பேரவை ஊழியன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சிவப்புக் கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி, வாழைப்பழத்தையும் உள்ளே சேர்த்துக்கொண்டான்.

"கடல்ல உடறேன்னியேடா" என்றாள் கன்னியம்மா.

"உடறேன்க்கா. உடாம எங்க போறேன்? இது டில்லிக்குப் போவுது. அங்க ஒரு மாசம். பேப்பர்லலாம் எழுதிட்டாங்க. தலைப்பே 'பச்சை'ன்னு வச்சிட்டேன், காஞ்சி போச்சின்னா கமிட்டி ஒத்துக்காது. அதான் பேஜாரு."

"பொண்ணு ஊட்ட உட்டு வெளிய வரமாட்டேங்கறா."

"அவளுக்கு இன்னா தெரியும்? அவ பேரு எங்கயும் போடலயே."

"பேரு போடலன்னா அதுல படுத்தவ அவ இல்லன்னு ஆயிடுமாடா?"

முனுசாமி பிரஷ்ஷிலிருந்து சொட்டிய பெயிண்ட்டைத் துடைத்தான். கன்னியம்மாவுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. சொல்லி அனுப்பியதும் ஓடி வந்தது, மட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது, கிழிந்த பாய் கேட்டது, வேரோடு பிடுங்கினாலும் கலையாமல் கட்டியது.

"அப்போ நீ பூங்காவனத்துக்காக வரல?"

"அவளுக்காவும்தான்க்கா" என்றான் அவன்.

அந்த 'உம்' அவள் நெஞ்சில் கல்லாக விழுந்தது. மஞ்சள் காமாலையில் கிடந்தபோது அவன் வராததுகூட இப்படி வலிக்கவில்லை. அன்றைக்கு வராமல் இருந்தான், அவ்வளவுதான். இந்தத் தடவை வந்து ஏமாற்றியிருந்தான்.

இதற்குள் கூடத்தில் குரல் உயர்வது பேரவையின் செயலாளர் ஸம்பத்குமாருக்குத் தெரிந்து அவர் வந்துவிட்டார். ஒல்லியாக, சாந்தமாக இருந்தார். கன்னியம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நானும் உங்க ஜில்லாதாம்மா. திருவள்ளூர். எங்காத்துல பரம்பரையா கோயில் கைங்கர்யம். அதனால இதோட புனிதம் எனக்கு நன்னாத் தெரியும்."

"அப்போ குடுத்துடுங்க சாமி. எம்பொண்ணு வெளிய வரமாட்டேங்கறா."

"அவா உணர்ச்சி ரொம்ப அழகானது. கேட்லாக்ல அதையும் சேர்த்துக்கலாம். ஆனா கொடுக்க முடியாதும்மா. கலைஞன் கையை விட்டு வந்ததுக்கப்புறம் படைப்பு தேசத்தோட சொத்து."

"உங்க ஊட்டுலயும் பொண்ணுங்க கீறாங்க இல்ல சாமி? அவங்க ஒக்காந்த பாய இங்க கொணாந்து போடுவீங்களா?"

ஸம்பத்குமார் நிஜமாகவே அதிர்ந்துபோனார்.

"அதெப்படிம்மா போடறது? எங்காத்துல நடக்கறது ஆசாரம். உங்காத்துல நடக்கறதுதான் கலை" என்றார். சொன்னதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஒரு ஏழை அம்மாளுக்கு உயர்ந்த இடம் கொடுத்துவிட்ட திருப்திதான் அவர் முகத்தில் தெரிந்தது.

அருணாச்சலம் ஒரு அடி முன்னால் வந்தான். உடனே ஸம்பத்குமார், யாருக்கும் அநீதி நடக்கக் கூடாதென்பது பேரவையின் கொள்கை என்றும், உரிமை கோரி யார் வந்தாலும் அதை விசாரிக்க விதியில் இடம் இருக்கிறது என்றும், விழா முடிந்ததும் மேடையிலேயே குழு கூடி முடிவு செய்யும் என்றும் சொன்னார். இருவரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார். ஓரமாக ஒரு பையன் வந்து, படம் எடுப்பதற்கு வசதியாகக் கன்னியம்மாவின் முந்தானையைச் சரிசெய்யச் சொன்னான். அவள் அவனை முறைத்த முறைப்பில் அவன் போய்விட்டான்.

விழா தொடங்கியது. பேரவையின் தலைவி திருமதி அரவிந்தவல்லி குடிசைக்குள் குனிந்து புகுந்து, அந்தப் பாயில் உட்கார்ந்து, புகைப்படக்காரருக்குப் பொறுமையாக முகத்தைக் காட்டினாள். கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வந்து தலைவி பேசினாள்.

"நான் பிறந்ததிலிருந்து ஒரு கிராமத்துக்கும் போனதில்லை. அந்தக் குறை எனக்குள் எப்போதும் இருந்தது. ஆனால் இந்தக் குடிசைக்குள் சற்றுமுன் உட்கார்ந்தபோது, கிராமத்துக்குப் போய்த் திரும்பிய உணர்வு எனக்கு வந்துவிட்டது. ஆகவே இனிப் போக வேண்டிய அவசியம் இல்லை. நம் போன்ற எத்தனையோ பேருக்கு இந்தப் பயணச் சிரமத்தைக் குறைத்திருக்கிறார் இந்த இளம் கலைஞர்."

பலத்த கைதட்டல். அடுத்து ஒரு விமர்சகர் எழுந்தார். அந்த உலக்கையை அடக்குமுறை என்றார். அந்தச் சொம்பைத் தாகம் என்றார். பாய் எதுவென்று அவர் சொன்னதை அவையினர் யாரும் புரிந்துகொள்ளவில்லை, ஆகவே அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள். இந்தக் குடிசைக்குள் இருக்க வேண்டிய பெண் இல்லாமல் இருப்பதே இந்தப் படைப்பின் உச்சம் என்று முடித்தார்.

இருக்க வேண்டிய பெண் ஊரில் ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு குழு கூடியது. தலைவி, செயலாளர், விமர்சகர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். எதிரே முனுசாமி நின்றான்; பேரவைக்கு அவன் வெறும் 'சாமி'. ஸம்பத்குமார் மிக நியாயமாக விஷயத்தை விளக்கினார். இந்த அம்மாள் தான் கலைஞருக்குச் சொந்த அக்கா என்றும், இந்தக் குடிசை தன் மகளுக்காகக் கட்டப்பட்டது என்றும் சொல்கிறார். அது உண்மையானால், இது கற்பனைப் படைப்பு அல்ல, வீட்டு உபயோகப் பொருள் ஆகிறது. வீட்டு உபயோகப் பொருளுக்குப் பரிசு கொடுக்க விதியில் இடமில்லை. ரிப்பனை அவிழ்த்துக் குடிசையை இன்றே ஒப்படைக்க வேண்டியதுதான். ஆகவே ஒரே ஒரு கேள்வி.

"மிஸ்டர் சாமி, இந்த அம்மா உங்களுக்கு அக்காவா?"

கன்னியம்மா தம்பியையே பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வெறும் 'ஆமாம்' போதும். ஒரு சொல்லில் குடிசையும் கிடைத்துவிடும், பூங்காவனமும் வெளியே வந்துவிடுவாள், தம்பியும் திரும்பக் கிடைத்துவிடுவான்.

முனுசாமி ஒருமுறை ரிப்பனைப் பார்த்தான். அப்புறம் விமர்சகரைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"அந்த மண்ணில் பிறந்த பெண்கள் எல்லோருமே எனக்கு அக்காதான்" என்றான்.

கூடம் அதிரக் கைதட்டல் எழுந்தது. தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விமர்சகர் அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். எல்லோருமே அக்கா என்றால் யாருக்கும் தனி உரிமை இல்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்து, கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. வந்திருந்த அம்மாளுக்கும் கணவருக்கும் பேரவையின் சார்பில் காபி வழங்கலாம் என்றும் தீர்மானம் ஆயிற்று.

அருணாச்சலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கன்னியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மட்டும் எழுந்து குடிசைக்குப் போய், கயிற்றைத் தாண்டி, ஓலையில் கையை வைத்தாள். பிய்த்துவிடலாம் என்றுதான் கையை வைத்தாள். கட்டு அசையவில்லை. தம்பி கட்டிய கட்டு. காவலாளி ஓடிவந்து, தொடக்கூடாது என்று போர்டைக் காட்டினான். அவள் கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கப் பச்சை ஒட்டியிருந்தது.

"வா, போலாம்" என்றாள் புருஷனிடம்.

"அவன ஒரு வார்த்தை கேக்காம வரமாட்டேன்."

"இன்னாத்த கேப்பே? அவனுக்கு ஊருபூரா அக்காங்க கீறாங்க. அவங்க கேட்டுக்குவாங்க. நீ வா."

முனுசாமி அவர்கள் பின்னாலேயே வாசல்வரை வந்தான். "அக்கா, கோவப்படாதக்கா, டில்லிக்குப் போயி வந்ததும் கண்டிப்பா" என்று எதையோ சொல்லிக்கொண்டு வந்தான். அவள் படிக்கட்டில் குனிந்து தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலில் அருணாச்சலம் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான். கன்னியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பெயிண்ட் போகவில்லை. பொன்னேரி தாண்டியதும் அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக அழுகிறோம் என்றே பிடிபடாமல் அழுதாள். மகளுக்குச் செய்து கொடுத்த சத்தியம் ஒரு பக்கம் அறுத்தது. தம்பி சந்தனம் பூசிய கை இன்னொரு பக்கம் அறுத்தது. கும்மிடிப்பூண்டி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. பூங்காவனம் கதவுக்குப் பின்னால் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா ஆச்சி?"

"உட்டாச்சிடி. கடல்ல உட்டாச்சி."

அருணாச்சலம் எதையோ சொல்ல வாயெடுத்தான். கன்னியம்மா பார்த்த பார்வையில் அப்படியே கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

"நெசமாவா? நீ பாத்தியா?"

"கண்ணால பாத்தேன். பெரிய அலை ஒண்ணு வந்து அப்படியே சுருட்டிக்கினு போயிடுச்சி. பாயும் போயிடுச்சி."

"கையில இன்னாமா பச்சையா?"

கன்னியம்மா கையைப் பார்த்தாள்.

"கடல் பாசி. அங்க கல்லுல எல்லாம் ஒட்டிக்கினு கீது."

பூங்காவனத்துக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"மாமா கையாலதான் உட்டாரா?"

ஊர் முழுக்க அவனுக்காக எத்தனையோ வருஷம் வாதாடியவள்தான் கன்னியம்மா. அன்றெல்லாம் அவளுக்கு அந்த வேலை சிரமமாக இருந்ததில்லை. இப்போது சிரமமாக இருந்தது. மாமன் கையால் போகவில்லை என்றால் சடங்கு முடியவில்லை. சடங்கு முடியவில்லை என்றால் பெண் படி தாண்ட மாட்டாள்.

"மாமா கையாலதான்" என்றாள். "கடலாண்ட நின்னு உனக்காவ கும்பிட்டுக்கினான்."

"நான்தாம்மா மாமாவ தப்பா நெனச்சிட்டேன்" என்றாள் பூங்காவனம். எழுந்து முகம் கழுவி, தலை வாரி, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். போகிற வழியில் லட்சுமியம்மாளிடம் மாமா சமுத்திரத்தில் ஓலை விட்ட கதையை அவள் சொல்வது வீட்டுக்குள்வரை கேட்டது.

கன்னியம்மா கொல்லைக்குப் போனாள். கட்டியிருந்த சேலையோடு கல்லின்மேல் உட்கார்ந்து, தொட்டித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். அருணாச்சலம் பார்த்துக்கொண்டே நின்றான். தொட்டி காலியாகப் போகிறதென்று தெரிந்ததும், வாளியை எடுத்துக் கிணற்றில் இறைத்து நிரப்பினான்.

வேலிக்கு அந்தப் பக்கமாக வந்த லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஈர சீலையோட? எந்த சாவுக்குப் போயி வந்தே?"

"சாவும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா" என்றாள் கன்னியம்மா, அடுத்த சொம்பை ஊற்றிக்கொண்டே. "ரயில்ல ஒரே தூசி."